யாரைக் கேட்பது? எதைக் கேட்பது? எப்படிக் கேட்பது?

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சென்ற ஆடி மாதத்தில் ஓர் ஊரில் அங்கத்தினர் கல்வி வகுப்பு ஒன்றை நாம் நடத்தினோம். நெசவாளர் சங்கத்தினரும் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தினரும் ஒருங்கே வந்திருந்தனர். கூட்டுறவின் கொள்கைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்துவிட்டு, ஐயம் ஏதேனும் உண்டா என்று வழக்கம்போல் வினவினோம். பின்வரிசையிலிருந்து முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, துணி விற்றபோது சங்கம் கொடுத்த தள்ளுபடிக்குச் சர்க்கார் தர வேண்டிய மானியம் இன்னும் வரவில்லை என்கிறார்கள். அதனால் நூல் வாங்கப் பணம் இல்லையாம், பாவு கிடைப்பதில்லை. மாதத்தில் பத்து நாள் தறி சும்மா நிற்கிறது. அந்தப் பணம் எங்கே நிற்கிறது? யாரைக் கேட்டால் தெரியும்?"

நாம் அளித்த விடை இதுதான்: "உங்கள் சங்கம் எங்கள் இலாகாவைச் சேர்ந்ததன்று. கைத்தறித் துறையில் கேளுங்கள்." சட்டப்படி இவ்விடையில் பிழை இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை இயக்குநரே பதிவாளரின் அதிகாரங்களைச் செலுத்துகிறார். பெரியவர் "சரி ஐயா" என்று கூறி அமர்ந்துவிட்டார். ஆனால், பேருந்தில் திரும்பும்போது அவ்விடை நம் மனத்தை உறுத்திற்று. அவர் கேட்டது ஒரு கேள்வி. நாம் கொடுத்தது ஒரு திசை மட்டுமே. எந்த அலுவலகம், எந்த அலுவலர், எந்தத் தாளை எப்படிக் கேட்பது என்று நாம் கூறவில்லை. கூறியிருக்க வேண்டும். அன்று கூறத் தவறியதை இப்பாடத்தில் கூற முற்படுகிறோம்.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது பழமொழி. ஆயின், அடுத்த வீட்டு வாசலில் நின்று அழுத பிள்ளைக்குப் பால் கிடைப்பதரிது. ஆதலின், அரசாங்கத்தைக் கேள்வி கேட்க விரும்பும் அங்கத்தினர் முதலில் அறிய வேண்டுவது, அதிகாரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே.

1. அதிகாரப் பகிர்வு என்பது என்ன?

வாய்க்கால் பாசனம் செய்யும் உழவர்க்கு இதை விளக்குவது எளிது. அணையில் நீர் திறந்துவிட்டதாகச் செய்தி வரும். தலைமடைக்காரருக்கு நீர் வந்துவிடும். கடைமடைக்காரர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் காத்திருப்பார். நீர் வராவிடில் அணையைக் குறை கூறிப் பயனில்லை; எந்த மதகில், எந்த மடையில் அது தடைபட்டது என்று வாய்க்கால் வழியே நடந்து பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் அதிகாரமும் அவ்வாறே மேலிருந்து கீழே வர வேண்டியது. மத்திய அரசாங்கம், மாநில அரசாங்கம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி எனப் பல மடைகள் அதற்கு உண்டு. மேலே இருக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் கீழுள்ள அமைப்புக்கு ஒப்படைத்தலையே அதிகாரப் பகிர்வு என்கிறோம்.

இது நம் நாட்டில் ஒரே நாளில் வந்ததன்று. 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் தல சுயாட்சிக்கு வித்திட்டது. 1919ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம், தல சுயாட்சியையும் கூட்டுறவையும் மாகாண மந்திரிகளின் பொறுப்பில் விட்டது. 1957இல் பல்வந்தராய் மேத்தா கமிட்டி மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டிலேயே, காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது, சென்னை ஊராட்சிச் சட்டம் இயற்றப்பட்டு ஊராட்சி ஒன்றியங்களுக்கு வழி பிறந்தது. பின்னர் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் அளித்தது. நகரங்களுக்கு 74ஆவது திருத்தம் அதனைச் செய்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது.

இவ்விடத்தில் அங்கத்தினர்கள் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்க 29 பொருள்களை அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை பட்டியலிடுகிறது. வேளாண்மை, சிறு பாசனம், கதர் மற்றும் குடிசைத் தொழில்கள் யாவும் அதில் உள்ளன. ஆனால், இவற்றை மாநிலச் சட்டமன்றம் ஒப்படைக்க 'வேண்டும்' என்று 243ஜி பிரிவு கூறவில்லை. ஒப்படைக்க'லாம்' என்றே கூறுகிறது. 'லாம்' என்னும் ஈரெழுத்தில் அடங்கியிருக்கிறது கடைமடையின் கதை. எவ்வளவு ஒப்படைப்பது என்பது ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பத்தையும் பொறுத்தது. கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. எல்லா மாநிலங்களும் அவ்வளவு தொலைவு சென்றுவிடவில்லை.

ஆதலின், 'அதிகாரம் பகிரப்பட்டுவிட்டது' என்று எவரேனும் கூறினால், மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வேலை வந்ததா? அவ்வேலையைச் செய்யப் பணம் வந்ததா? செய்வதற்கு ஆள் வந்தாரா? வேலை வந்து பணம் வராவிடின் அது பகிர்வன்று, சுமை ஏற்றுதல். பணம் வந்து, அதை எதற்குச் செலவிடுவதென்று மேலிருப்பவரே முடிவு செய்தால், கீழிருப்பவர் பகிர்வு பெற்றவரல்லர். பட்டுவாடா செய்யும் குமாஸ்தாவே ஆவார்.

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதிகாரம் பெற்ற இடத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் இருக்கின்றாரா? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரியிலும் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்களே பொறுப்பு வகித்தனர். தனி அலுவலர் திறமையானவராகவும் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் மக்களுக்கு முன் நின்று விடை கூற வேண்டியவரல்லர். தம்மை நியமித்தவருக்கு விடை கூறுபவர். கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகக் குழு இன்றித் தனி அலுவலர் பொறுப்பு வகிக்கும் காலத்திற்கும் இது பொருந்தும். அக்காலத்தில் அங்கத்தினர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, தேர்தல் எப்போது என்பதே.

2. கூட்டுறவு யார் கையில்?

கூட்டுறவுச் சங்கங்களின் சட்டம் 1904இல் இந்தியா முழுவதற்குமாக வந்தது. அவ்வாண்டிலேயே நம் பக்கத்துத் திரூர்க் கிராமத்தில் சங்கம் பதிவாயிற்று. சென்னையில் திருவல்லிக்கேணிச் சங்கமும் தோன்றிற்று. 1912இல் சட்டம் விரிவடைந்தது. 1919க்குப் பின் கூட்டுறவு மாகாணப் பொருளாயிற்று. 1932இல் சென்னை மாகாணம் தனக்கெனச் சட்டம் செய்துகொண்டது. குடியரசு பிறந்தபோதும் அம்முறை மாறவில்லை. மாநிலப் பட்டியலின் 32ஆவது இனத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இன்று நம் சங்கங்களை ஆள்வது தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் சங்கங்கள் மட்டும் மத்தியச் சட்டத்தின் கீழ் வருவன.

இதில் அண்மையில் எழுந்த ஒரு வழக்கு நம் பாடத்திற்கு மிக ஏற்றது. 2011இல் பாராளுமன்றம் 97ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றிற்று. அது 2012 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கிற்று. நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேல் கூடாது, பதவிக்காலம் ஐந்தாண்டு, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்திற்குள் தணிக்கை முடிய வேண்டும் என்பன போன்ற விதிகளையும் வகுத்தது. விதிகளில் பல நல்லவையே. சங்கங்களின் குழுக்களை மாநில அரசாங்கங்கள் நினைத்தபோது கலைத்துவிடுவதைத் தடுப்பதும் அவற்றின் நோக்கம்.

ஆயினும் ஒரு குடிமகன் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பினார். கூட்டுறவு மாநிலத்தின் பொருள். மாநிலத்தின் அதிகாரத்தைத் தொடும் திருத்தத்திற்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவற்றின் ஒப்புதல் வேண்டும் என்பது 368ஆவது பிரிவின் கட்டளை. அவ்வொப்புதல் பெறப்பட்டதா? பெறப்படவில்லை. 2013இல் குஜராத் உயர் நீதிமன்றமும், 2021 ஜூலை 20இல் உச்ச நீதிமன்றமும் இக்கேள்வியின் வலுவை ஏற்றன. திருத்தத்தின் கூட்டுறவுப் பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது, பல மாநிலச் சங்கங்களுக்கும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளுக்கும் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்புக் கூறிற்று. அதே ஜூலையில்தான் மத்திய அரசாங்கம் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகத்தை அமைத்தது என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்ளலாம்.

இதிலிருந்து அறிவது யாது? விதி நல்லதா என்பது ஒரு கேள்வி. அதனைச் செய்ய உரியவர் யார் என்பது மற்றொரு கேள்வி. நல்ல வேலையைக்கூட உரிமை இல்லாதவர், உரிய முறையின்றிச் செய்தால், அது நிலைக்காது. அண்டை வயல்காரர் நம் வரப்பை அழகாகவே செப்பனிட்டாலும், நம்மைக் கேளாமல் வெட்டினால் நாம் ஏற்போமா?

3. பொது நிறுவனங்களின் சுதந்திரமும் பொறுப்பும்

அரசாங்கம் தன் வேலைகளுட் சிலவற்றை வாரியங்களுக்கும் கழகங்களுக்கும் ஒப்படைக்கிறது. வாணிபம் செய்யும் நிறுவனம் அன்றாடம் அமைச்சரின் வாய்மொழிக்குக் காத்திருக்க முடியாது. ஆதலின் அதற்குச் சுதந்திரம் வேண்டும். ஆனால் அது கையாளுவது பொதுமக்கள் பணம். ஆதலின் அதற்குப் பொறுப்பும் வேண்டும். இவ்விரண்டையும் எங்ஙனம் இணைப்பது?

1956 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றிற்று. ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, 1957 ஜூனில், முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை அது சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. கழகத்தின் முதலீட்டுக் கமிட்டியை முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை. இதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி இதை விரிவாக எடுத்துப் பேசினார். அவர் எதிர்க்கட்சியினரல்லர், ஆளும் கட்சியின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் மாநிலத்தவரான அவர் திறமை மிக்க அமைச்சர் எனப் பெயர் பெற்றவர். ஆயினும், தம் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்னும் நெறி நிலைநாட்டப்பட்டது.

அவ்விசாரணையில் வெளிப்பட்ட கருத்தொன்று கூட்டுறவாளருக்குப் பெரிதும் பயன்படும். சுதந்திரமான கழகத்தின் காரியத்தில் அரசாங்கம் தலையிடலாகாது. கட்டளையிட விரும்பினால் அதனை எழுத்தில் இட வேண்டும் என்பதே அது. காப்பீட்டுக் கழகச் சட்டமும், கொள்கை பற்றிய கட்டளைகள் எழுத்தில் வர வேண்டும் என்றே கூறுகிறது. எழுத்தில் இருப்பதைக் கேள்வி கேட்கலாம். தொலைபேசியில் சொன்னதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று எவர் கேட்பது? உங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு, 'மேலிடத்தில் சொன்னார்கள்' என்று கூறி ஒரு பொருளை வாங்கினால், 'எழுத்து உண்டா?' என்று கேளுங்கள். இதனால் குழுவுக்கும் நன்மையே.

பிற்காலத்தில் 1964இல், பொது நிறுவனங்களை ஆராய்வதற்கெனப் பாராளுமன்றக் கமிட்டி ஒன்று அமைந்தது. அமைச்சர்கள் சபையில் தரும் உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்க்க, மக்கள் சபையில் 1953 முதலே ஒரு கமிட்டி இருக்கிறது. கேள்வி கேட்டால் மட்டும் போதாது. கிடைத்த விடை செயலாயிற்றா என்று பின்தொடர வேண்டும் என்பதை இவ்வேற்பாடு காட்டுகிறது.

4. கேள்வியின் இலக்கணம்

சட்டசபைகளில் கேள்வி கேட்கும் உரிமை நம் நாட்டினருக்கு 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. துணைக் கேள்வி கேட்கும் உரிமைக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று மக்கள் சபையின் ஒவ்வோர் அமர்விலும் முதல் மணி நேரம் கேள்விக்குரியது. உடுக்குறி இட்ட 20 கேள்விகள் வாய்மொழி விடைக்கும், குறியிடாத 230 கேள்விகள் எழுத்து விடைக்கும் பட்டியலிடப்படுகின்றன.

அச்சபையின் விதிகள் ஒரு கேள்வி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று கூறுவதை நம் மகாசபைக் கூட்டங்களிலும் பின்பற்றலாம். கேள்வியில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, ஏளனம் கூடாது, பழிச்சொல் கூடாது, அது சாதாரணமாக 150 சொற்களுக்கு மேற்படலாகாது. அந்த அரசாங்கத்திற்குப் பொறுப்பில்லாத அமைப்பின் காரியத்தை அங்கே கேட்கவும் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஏழை நெசவாளர் வயிற்றில் அடிக்கும் அதிகாரிகள் மானியத்தை ஏன் முடக்கி வைத்திருக்கிறார்கள்?' இது கேள்வி போல் தோன்றினும் தீர்ப்பே ஆகும். இதற்கு 'முடக்கவில்லை' என்று ஒரு சொல்லில் விடை அளித்துவிடலாம். இனி மற்றொன்று: 'நம் சங்கம் எந்தக் காலாண்டுகளுக்குத் தள்ளுபடி மானியக் கேட்புப் பட்டியல் அனுப்பியது? ஒவ்வொன்றும் எந்நாளில் எந்த அலுவலகத்தில் பெறப்பட்டது? எந்நாளில் எந்தத் தொகை அனுமதிக்கப்பட்டது? அனுமதிக்கப்படாதவை யாவை, அவற்றின் மீது எழுதப்பட்ட குறைபாடு யாது?' இதில் கோபம் இல்லை. ஆனால் இதற்கு விடை சொல்லாமல் நழுவ முடியாது. நாள், தொகை, இடம், ஆவணம் என்னும் நான்கும் அமைந்ததே நல்ல கேள்வி.

5. எந்த வாசல்?

நம் காரியங்கள் எவர் பொறுப்பில் உள்ளன என்பதைச் சுருக்கிக் கூறுவோம்.

நெசவாளர்க்கு: கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட துணி வகைகளைப் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசாங்கத்தினுடையது. 1983இல் தோன்றிய தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் வழியே வரும் நூல் பற்றிய கேள்வியும் மத்திய ஜவுளி அமைச்சகத்திற்கு உரியது. மாநிலத் தள்ளுபடி மானியமும் சங்கத்தின் நிர்வாகமும் மாநிலக் கைத்தறித் துறைக்கு உரியவை.

உழவர்க்கு: பயிர்க்கடன் தொடக்கச் சங்கத்தில் கிடைக்கிறது. அதற்குப் பின்னால் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும், மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியும், 1982இல் தோன்றிய நபார்டு வங்கியும் நிற்கின்றன. கடன் தாமதமானால் இவற்றுள் எந்தக் கண்ணியில் என்று அறிந்தே கேட்க வேண்டும். ஏரியைத் தூர்வாரும் கேள்வியும் அப்படியே. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை மாநிலத்தின் நீர்வளத் துறையின் பொறுப்பு.

இருவர்க்கும்: கணக்குத் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கைத் துறைக்கு உரியது. சங்கத் தேர்தல், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்தல் ஆணையத்திற்கு உரியது.

வாசலை அறிந்தபின் வழிகள் நான்கு.

முதலாவது, சங்கத்தின் மகாசபை. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பர். வரவு செலவு அறிக்கையையும் தணிக்கைக் குறிப்பையும் படித்துக் காட்டுமாறு கேட்பது அங்கத்தினரின் உரிமை. முறைகேடு உண்டென்று கருத ஆதாரம் இருப்பின், பதிவாளர் விசாரணை நடத்த 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81ஆவது பிரிவு வழிசெய்கிறது.

இரண்டாவது, கிராமசபை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றில் அது கூடுகிறது. ஏரி, சாலை, குடிநீர், ஊராட்சிக் கணக்கு ஆகியவற்றை அங்கே கேட்கலாம். கேட்ட கேள்வி நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பார்த்த பின்னரே எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் கூற வேண்டுவதில்லை. விடை வராவிடினும், வந்த விடை போதாவிடினும், 30 நாட்களுக்குள் அவ்வலுவலகத்தின் மேல் அலுவலரிடம் முறையிடலாம். அதன் பின்னும் தீராவிடின் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்திற்குச் செல்லலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டுறவுச் சங்கம் இச்சட்டத்திற்கு உட்பட்ட 'பொது அதிகார அமைப்பு' ஆகுமா? 2013இல் கேரளத்துத் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. அரசாங்கத்தின் உடைமையிலோ, கட்டுப்பாட்டிலோ, பெருமளவு நிதியுதவியிலோ இல்லாத சங்கம் அவ்வாறு ஆகாது. பதிவாளரின் பொதுவான மேற்பார்வை மட்டும் கட்டுப்பாடாகிவிடாது என்பது தீர்ப்பு. சங்கம் அங்கத்தினருடையதே, அரசாங்கத்தினுடையதன்று என்பதை இத்தீர்ப்பு உறுதி செய்வதை நாம் மகிழ்ச்சியுடன் ஏற்க வேண்டும். ஆனால் பதிவாளர் பொது அதிகாரி. கூட்டுறவுச் சட்டத்தின்படி சங்கத்திடமிருந்து அவர் பெறத்தக்க தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்புக் கூறுகிறது. முன்வாசல் அடைத்திருந்தால் பக்கவாசல் உண்டு என்பதை அங்கத்தினர் மறவாதிருக்க வேண்டும். பிறர் கடன், பிறர் சேமிப்பு போன்ற தனிமனிதர் விவரங்களைக் கேட்பது முறையன்று.

மற்றொன்று: இச்சட்டத்தின்படி கேட்கத்தக்கது ஏட்டில் உள்ள தகவல். 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று கேட்டால் விடை வராது. 'இந்தக் கோப்பு எந்தெந்த நாளில் எவரெவரிடம் இருந்தது? அதன் குறிப்புப் பக்கங்களின் நகல் தருக' என்று கேட்டால், 'ஏன்' என்பதற்கான விடை தானே அதில் தெரியும்.

நான்காவது, மக்கள் பிரதிநிதி. மாநிலத்துக்குரியதைச் சட்டமன்ற உறுப்பினரிடமும், மத்திய அரசாங்கத்துக்குரியதைப் பாராளுமன்ற உறுப்பினரிடமும், சபையில் கேட்கத் தகுந்த வடிவில் எழுதிக் கொடுங்கள். மனுவாகக் கொடுத்தால் அது மனுக்கட்டில் சேரும். கேள்வியாகக் கொடுத்தால் விடையுடன் அச்சில் வரக்கூடும்.

6. பெரியவரின் கேள்வி என்ன ஆயிற்று?

தகவல் சட்டத்தின் ஆறாவது பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. தனக்கு உரியதல்லாத கேள்வி ஓர் அலுவலகத்திற்கு வந்தால், அதனை ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதைக் கேட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. எழுத்தில் கேட்டிருந்தால் சட்டம் நம்மை அதற்குக் கட்டுப்படுத்தியிருக்கும். பெரியவர் வாய்மொழியாகக் கேட்டார். அதனால் நாம் கை விரித்துவிட்டோம். இதனை நினைத்து வெட்கமுற்று, அடுத்த மாதம் அவ்வூருக்கு மீண்டும் சென்றோம்.

மேலே காட்டிய நான்கு பகுதிக் கேள்வியை அவரும் வேறு சில அங்கத்தினரும் முதலில் தம் சங்கத்திலேயே எழுதிக் கொடுத்தனர். ஏடுகளைப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. இரு காலாண்டுகளின் கேட்புப் பட்டியலுடன் தணிக்கைச் சான்று இணைக்கப்படவில்லை. மேல் அலுவலகம் அதனைக் கண்டும் பல மாதங்கள் பட்டியலைத் திருப்பி அனுப்பவில்லை. திருப்பி அனுப்பிய பின்னரோ, அது சங்கத்தின் அலமாரியில் சில மாதங்கள் உறங்கிற்று. ஒன்றரை ஆண்டாகச் சங்கத்தார் சர்க்காரைக் குறை கூறினர். அலுவலகத்தார் சங்கத்தைக் குறை கூறினர். இழை அறுந்தது ஓரிடத்திலன்று; மேலும் அறுந்திருந்தது, கீழும் அறுந்திருந்தது. இழை அறுந்தால் நெசவாளர் தறியை ஏசுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் புணைக்கிறார். அதனையே அவர்கள் செய்தனர். சான்று பெற்று இணைக்கப்பட்டது. ஒரு காலாண்டின் தொகை தை மாதத்தில் வந்தது. மற்றது இதை எழுதும்போதும் வரவில்லை. அதற்கான கேள்வி, பெரியவரின் கையொப்பத்துடன், இம்முறை சரியான முகவரிக்குச் சென்றிருக்கிறது.

அவர் எம்மிடம் கூறியதை இங்கே எழுதாதிருக்க இயலவில்லை. "பணம் வந்ததில் மகிழ்ச்சிதான் ஐயா. ஆனால் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று இத்தனை நாள் பயந்து கிடந்தோமே, அதுதான் பெரிய நஷ்டம்."

அதிகாரிகளாகிய எம்மையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்: கேள்வி கேட்பவர் பகைவரல்லர். கேள்வி இல்லாத இலாகாவில் பிழை தானே களைபோல் வளரும். அங்கத்தினர்க்கும் ஒரு சொல்: மேலே உள்ளவரை நோக்கிக் கேட்கும் கேள்வியை முதலில் நம் சங்கத்து அலமாரியை நோக்கிக் கேட்பது நலம். மேலிருந்து அதிகாரம் வேண்டும் என்று கோருபவர், தமக்கு வந்த அதிகாரத்திற்குக் கணக்குக் காட்டவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

(படிப்பு வட்டங்களில் கலந்து பேசுவதற்கு)

1. உங்கள் ஊர் ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு? அது எவர் பொறுப்பில் உள்ளது?

2. உங்கள் சங்கத்தின் கடைசித் தணிக்கை எந்த ஆண்டுக்குரியது? அதன் குறைபாடுகள் மகாசபையில் படிக்கப்பட்டனவா?

3. உங்கள் சங்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு உள்ளதா? இல்லையெனில், எந்நாள் முதல் இல்லை?

4. 97ஆவது திருத்தத்தின் விதிகளுள் நல்லவை என்று நீங்கள் கருதுபவை யாவை? அவற்றை உங்கள் சங்கத்தின் துணை விதிகளிலேயே சேர்த்துக்கொள்ளத் தடை ஏதேனும் உண்டா?

5. உங்கள் மனத்தில் உள்ள குறை ஒன்றை நாள், தொகை, இடம், ஆவணம் என்னும் நான்கும் அமைந்த கேள்வியாக எழுதுக. எழுதியபின், அது எந்த வாசலுக்குரியது என்று மேலே குறிக்க.

ஐந்தாம் வினாவை அடுத்த மகாசபைக்கு முன்னர் ஒவ்வோர் அங்கத்தினரும் எழுதிவிட்டால், இப்பாடத்தின் பயன் எய்தியதாகக் கொள்வோம்.